கிணறு இறைக்காதவனுக்குப் பந்து இல்லை

வடமராட்சியில் எங்கள் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகமும் ஒரு சனசமூக நிலையமும் இருந்தன. இரண்டுக்கும் ஒரே கட்டடம், ஒரே தலைவர், ஒரே திறப்பு. காலையில் கிழவர்கள் பேப்பர் வாசிக்கும் வாங்கில்தான் பின்னேரம் நாங்கள் பந்துக்குக் காற்றடிப்போம்.

1979. எனக்குப் பதினாறு வயது. ஒரு ஞாயிறு காலை பொதுக் கிணறு இறைக்க எல்லாரும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். பின்னேரம் பக்கத்து ஊரோடு உதைபந்தாட்டம். ஒன்றும் நடக்காதது போல மைதானத்தில் போய் நின்றேன். தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். மற்றப் பெடியன்களின் கணுக்கால் வரைக்கும் கிணற்றுச் சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. என் கால் கோயிலுக்குப் போகிறவன் கால் மாதிரிச் சுத்தமாக இருந்தது. "தம்பி, நீ இண்டைக்கு லைனுக்கு வெளியில நில்" என்றார். அன்று நாங்கள் தோற்றோம். அதற்காகவும் வீட்டில் எனக்கே ஏச்சு விழுந்தது.

இந்தக் கதையை லண்டனில் நான் நினைக்காத சனிக்கிழமை குறைவு. 1986இல் இங்கே வந்தேன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துவிட்டு, 1995 முதல் 2019 வரை பஸ் ஓட்டினேன். அதிலே பாதிக்கு மேல் 115ஆம் இலக்கம்: ஈஸ்ட் ஹாமில் தொடங்கி, பார்க்கிங் ரோடு வழியாக அப்டன் பார்க், கேனிங் டவுன், பொப்லர் தாண்டி ஓல்ட்கேட் வரை. அப்டன் பார்க்கில் போலின் என்ற சந்திக்குப் பக்கத்தில்தான் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கழகத்தின் மைதானம் 1904 முதல் 2016 வரை இருந்தது. ஐந்து நிமிடத் தூரத்தைக் கடக்க மட்ச் நாளில் முக்கால் மணித்தியாலம் ஆகும். பஸ் நகராத அந்த நேரத்தில்தான் நான் இந்த வீதியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். சும்மா இருந்தால் கோபம் வரும், அதனால் புத்தகம் வாசித்தவர்களிடம் கதை கேட்டேன். பிறகு நானே நூலகத்துக்குப் போனேன்.

கதை போலினில் தொடங்கவில்லை. இரண்டு மைல் தள்ளி, கேனிங் டவுனில், லீ ஆறு தேம்ஸில் விழுகிற சேற்று மூலையில் தொடங்குகிறது. அங்கே தேம்ஸ் இரும்பாலை என்ற கப்பல் கட்டும் நிறுவனம் இருந்தது. எச்.எம்.எஸ். வாரியர் என்ற புகழ்பெற்ற இரும்புப் போர்க்கப்பலை 1860இல் நீரில் இறக்கியவர்கள் இவர்கள்தான். 1890களில் அதன் முதலாளி ஆர்னோல்ட் ஹில்ஸ். ஹாரோ பள்ளியிலும் ஒக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர், 1879இல் இங்கிலாந்து அணிக்காகவும் ஒரு முறை உதைபந்து ஆடியவர். மது தொடமாட்டார், மாமிசம் தொடமாட்டார். லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவரும் அவரே.

அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அப்போது கூச்ச சுபாவமுள்ள ஓர் இந்திய மாணவர் இருந்தார். பெயர் மோகன்தாஸ் காந்தி. குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த டாக்டர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்கவேண்டும் என்றார் ஹில்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டில் காந்திக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் சைவ உணவுச் சங்கத்தில் இருக்க ஒருவருக்குச் சைவ உணவு போதும், முதலாளியின் ஒழுக்கக் கொள்கை தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனார். எழுந்து வாசிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவர் வாசித்தார். காந்தியின் பக்கம் தோற்றது. சங்கமே ஹில்ஸின் காசில்தான் ஓடியது என்பதையும் காந்தி தன் சுயசரிதையில் மறக்காமல் எழுதியிருக்கிறார். கொடுக்கிற கை உயரத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஹில்ஸ்தான் 1895இல் தன் தொழிலாளருக்காக ஓர் உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்க ஒப்புக்கொண்டார். ஆலையில் வேலைநிறுத்தங்கள் வந்துபோன காலம் அது. தொழிலாளி சனிக்கிழமை பின்னேரம் மதுச்சாலையில் இருந்து சங்கம் பேசுவதைவிட மைதானத்தில் ஓடுவது நல்லது என்ற கணக்கும் முதலாளியிடம் இருந்திருக்கும். வருடச் சந்தா இரண்டரை ஷில்லிங். முதல் பருவத்திலேயே அந்த இரும்படிக்காரர் ஒரு கிண்ணத்தை வென்றார்கள். அதன் பெயர் வெஸ்ட் ஹாம் தருமக் கிண்ணம். இன்றைக்குக் கோடிக்கணக்கில் புரளும் ஒரு கழகத்தின் முதல் வெற்றியே தருமத்தின் பெயரில் வந்தது.

அது தற்செயல் இல்லை. 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவை பிறக்கும் வரை இந்த நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகள் பல, ஊரார் நன்கொடையில்தான் ஓடின. கட்டிலுக்குத் துணி வாங்கவும் உண்டியல் குலுக்கவேண்டும். அதனால் ஊருக்கு ஊர் தருமக் கிண்ணங்கள் இருந்தன. வாசலில் சேரும் காசு ஆஸ்பத்திரிக்கும் அநாதை இல்லத்துக்கும் போகும். 1898இல் லண்டன் ஷெரிஃபாக இருந்த தோமஸ் டூவார், விஸ்கி வியாபாரக் குடும்பத்துக்காரர், ஆறடிக்கு மேல் உயரமான ஒரு கேடயத்தைச் செய்து கொடுத்தார். சம்பளம் வாங்காமல் ஆடுவோரில் சிறந்த அணியும் தொழில்முறை அணிகளில் சிறந்ததும் வருடம் ஒரு முறை மோதவேண்டும், வரும்படி தருமத்துக்கு. முதல் ஆட்டம் கிறிஸ்டல் பேலஸில், கொரிந்தியன் கழகத்துக்கும் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கும். கோல் இல்லை. மறு ஆட்டமும் சமநிலை. கேடயத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். கிழக்கு லண்டனில் மது தொடாதவர் கழகம் நடத்தினார், நகரின் மறுபக்கம் விஸ்கிக்காரர் கேடயம் கொடுத்தார். தருமத்துக்கு எந்தக் காசும் காசுதான்.

அந்தக் கேடயத்தின் வாரிசாகத்தான் 1908இல் உதைபந்தாட்டச் சங்கத்தின் தருமக் கேடயம் வந்தது. முதல் ஆட்டம் செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில், மான்செஸ்டர் யுனைடெட்டும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும். இன்றும் வருடாவருடம், பெரும்பாலும் ஆகஸ்டில், அது நடக்கிறது, ஆனால் பெயர் வேறு. சேர்ந்த காசில் எவ்வளவு எந்தத் தருமத்துக்கு என்று நுழைவுச்சீட்டு வாங்கியவருக்குச் சரியாகச் சொல்லவில்லை, கொடுப்பதிலும் சுணக்கம் என்று அறக்கட்டளை ஆணையகம் குறை கண்டது. அதன் பிறகு 2002இல் தருமம் என்ற சொல் எடுபட்டது, சமூகம் என்ற சொல் ஏறியது. இப்போது அது சமூகக் கேடயம். தருமம் என்றால் கணக்குக் காட்டவேண்டும். சமூகம் என்றால் கைகுலுக்கினால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஹில்ஸுக்குத் திரும்புவோம். 1897இல், விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டில், அவர் 20,000 பவுண் செலவில் மெமோரியல் மைதானத்தைத் திறந்தார். உதைபந்துக்கு மட்டும் இல்லை: சைக்கிள் ஓடுபாதை, ஓட்டப் பாதை, டென்னிஸ், நீச்சல் தடாகம் எல்லாம் தொழிலாளருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். அடுத்த வருடம் ஜூன் 21இல் இடி விழுந்தது. எச்.எம்.எஸ். ஆல்பியன் என்ற போர்க்கப்பலை நீரில் இறக்கிய நாள். பார்க்க ஊரே திரண்டிருந்தது. கப்பல் வழுக்கி இறங்கியபோது எழும்பிய அலை, சனம் ஏறி நின்ற மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. கொண்டாட்டத்தின் ஆரவாரத்தில் முதலில் அலறலே கேட்கவில்லையாம். 38 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக, அந்த ஆலைத் தெருக்களின் சனம். பிளேஸ்டோவில் கிழக்கு லண்டன் இடுகாட்டில் ஒரு நங்கூரத்தோடு அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அதே வருடம் கழகம் சம்பள ஆட்டக்காரரை எடுக்கத் தொடங்கியது. ஹில்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆலையில் சுத்தியல் பிடிக்காதவன் ஆலையின் பெயரில் எப்படி ஆடலாம் என்பது அவர் வாதம். எங்கள் ஊர்த் தலைவரின் வாதமும் அதுதான், காலில் சேறு எங்கே என்று கேட்டாரே. 1900 ஜூன் மாதம் ஆலைக் கழகம் கலைக்கப்பட்டது. ஜூலை 5இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் பிறந்தது. 1912இல் ஆலையும் மூடப்பட்டது. எஞ்சியது சட்டையில் குறுக்காக நிற்கும் இரண்டு தறையாணி அடிக்கும் சுத்தியல்கள்.

முதலாளி போனாலும் ஊர் விட்டுப்போகவில்லை, ஏனென்றால் ஆட்டக்காரன் ஊரோடுதான் இருந்தான். 1901 முதல் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு நாலு பவுண். கூடிக் கூடி 1961இல் அந்த வரம்பை எடுக்கும்போதுகூட இருபது பவுண்தான். தொழிலாளி இருக்கும் தெருவில்தான் அவனும் இருந்தான், அதே பஸ்ஸில் வந்தான். 1914 டிசம்பர் 15இல் ஃபுல்ஹாம் நகர மண்டபத்தில் உதைபந்தாட்டக்காரருக்கென ஒரு படைப்பிரிவைத் திரட்டியபோது, கிளப்டன் ஓரியன்ட் கழகத்திலிருந்து மட்டும் 41 பேர் போனார்கள். அவர்களில் மூவர், மக்ஃபடன், ஜோனஸ், ஸ்கொட், 1916இல் சொம் போரில் இறந்தார்கள். இன்றைய லெய்டன் ஓரியன்ட் ரசிகர்கள் காசு சேர்த்து 2011இல் பிரான்சில் அவர்களுக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். தொண்ணூற்றைந்து வருடம் கழித்து ஊர் செலுத்திய கடன்.

1950களில் போலினுக்கு எதிரே கசெட்டாரி என்ற இத்தாலியக் குடும்பத்துத் தேநீர்க்கடையில் வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர்கள் கூடுவார்கள். மல்கம் அலிசனும் நோயல் கான்ட்வெல்லும் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் மேசையில் நகர்த்தி ஆட்டத் திட்டம் பேசுவார்கள். பக்கத்து மேசையில் துறைமுகத் தொழிலாளி பொரித்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு யாரும் சமூகப் பணி செய்யத் தேவைப்படவில்லை. உப்புப் போத்தலைக் கேட்டால் எடுத்துத் தந்தார்கள், அவ்வளவுதான்.

சம்பளம் ஏற, ஆட்டக்காரர் எசெக்ஸ் பக்கம் பெரிய வீடுகளுக்குப் போனார்கள். அறுபதுகளின் கடைசியிலிருந்து துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூட, வெள்ளைத் தொழிலாளரும் அதே பக்கம் போனார்கள். அவர்கள் விட்டுப்போன சின்ன வீடுகளுக்குக் குஜராத்தியரும் பஞ்சாபியரும் வங்காளியரும், 1983க்குப் பிறகு நாங்களும் வந்தோம். வெஸ்ட் ஹாம் 1972 ஏப்ரல் 1இல் கிளைட் பெஸ்ட், அடே கோக்கர், கிளைவ் சார்ள்ஸ் என்று மூன்று கறுப்பின ஆட்டக்காரரை ஒன்றாக இறக்கிய கழகம். இங்கிலாந்தின் முதல் பிரிவில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து மைதான வாசல்களில் இனவாதக் கட்சியின் பத்திரிகையும் விற்றது. நான் வந்த புதிதில் மட்ச் நாள் என்றால் எங்கள் ஆட்கள் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கி வைப்பார்கள். ஈஸ்ட் ஹாமில் ஓர் ஈழத்து அகதி இளைஞர் தெருவில் அடிபட்டு 1992 தொடக்கத்தில் இறந்தபோது, நாங்கள் இரண்டு கிழமை தனியாக வெளியே போகவில்லை. அந்த வருடம் சனிக்கிழமை மைதானத்துக்குள் இருந்து கேட்கும் ஆரவாரம், பக்கத்து வீட்டுக் கலியாணத்தின் மேளம் போலக் கேட்டது. எங்களுக்கு அழைப்பில்லை.

கழகங்கள் ஊரைத் திரும்பத் தேடியது அச்சத்தால். 1985 இந்த நாட்டு உதைபந்தாட்டத்தின் சனியன் பிடித்த வருடம். மார்ச்சில் லூட்டனில் மில்வோல் ரசிகர் கலவரம், மே 11இல் பிராட்ஃபோர்ட் மைதானம் தீப்பிடித்து 56 பேர் சாவு, மே 29இல் பிரசல்சில் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் சாவு. இனி உதைபந்தாட்டக் கழகம் பக்கத்தில் வேண்டாம் என்று ஊர்கள் சொல்லத் தொடங்கிய நேரம். அந்த வருடம்தான் ஆர்சனல் தன் சமூகப் பிரிவைத் தொடங்கியது. 1986இல் ஆட்டக்காரர் சங்கம் வடமேற்கில் ஆறு கழகங்களில் ஒரு திட்டத்தை வைத்துப் பார்த்தது. 1989இல் லெய்டன் ஓரியன்ட். பிறகு ஒவ்வொன்றாக எல்லாரும்.

தேம்ஸுக்கு அந்தப் பக்கம் சார்ள்டன் கழகத்தின் கதை இன்னும் சுவையானது. அது 1985இல் 'வலி' (The Valley) என்ற தன் மைதானத்தை விட்டு ஓடவேண்டி வந்தது. ஒரு பருவத்துக்கு மேல் எங்கள் அப்டன் பார்க்கிலேயே வாடகைக்கு இருந்தது. திரும்பப் போக உள்ளூராட்சி அனுமதி மறுத்தபோது, ரசிகர்கள் 'வலி' கட்சி என்று ஒரு கட்சியையே தொடங்கி 1990 மே தேர்தலில் நின்றார்கள். 14,838 வாக்கு. ஆசனம் ஒன்றும் கிடைக்கவில்லை, அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் தாங்களே இறங்கிப் புல்லும் புதரும் வெட்டிய அந்த மைதானம் 1992 டிசம்பர் 5இல் திறந்தது. சார்ள்டனின் சமூக அமைப்பும் அதே வருடத்துப் பிள்ளை. ஊர் சிரமதானம் செய்து கழகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது, கழகம் அதை மறக்கவில்லை. நான் இதை வாசித்த அன்று எங்கள் தலைவரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

1993 பெப்ரவரியில் பொபி மூர் இறந்தார். 1966இல் உலகக் கிண்ணத்தை ஏந்திய அணித்தலைவர், பக்கத்து ஊரான பார்க்கிங்கில் பிறந்தவர், 51 வயதில் குடல் புற்றுநோய். போலின் வாசல் இரும்புக் கேற்றில் சால்வைகளும் பூக்களும் கட்டிக் கட்டிக் கம்பியே தெரியவில்லை. இரவு வேலை முடிந்து வரும் வழியில் நானும் நின்றேன். ஒரு கிழவர் ஆளுயரச் சால்வையை மடித்துக் கட்டத் தெரியாமல் தடுமாறினார். நான் ஒரு நுனியைப் பிடித்தேன். வந்து ஏழு வருடத்தில் அந்த வாசலை நான் தொட்டது அன்றுதான். மூரின் மனைவி அந்த வருடமே தொடங்கிய பொபி மூர் நிதி, இன்றும் குடல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிறது.

தண்டனையாகவும் சமூகப் பணி வந்தது. 1995 ஜனவரியில் தெற்கு லண்டன் செல்ஹேர்ஸ்ட் பார்க்கில், தன்னைத் திட்டிய ரசிகரை எரிக் கன்டோனா பாய்ந்து உதைத்தார். இரண்டு கிழமைச் சிறை, மேன்முறையீட்டில் 120 மணித்தியாலச் சமூக சேவையாக மாறியது. மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கவேண்டும். சிறைக்குப் போகவேண்டிய இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கிடைத்தது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

என் மகனுக்கு எட்டு வயதானபோது, பள்ளி விடுமுறைப் பயிற்சிக்குக் கழகத்தின் மேலங்கி போட்ட ஒரு பயிற்றுநர் வந்தார். தாளில் கம்யூனிட்டி என்று எழுதியிருந்தது. "அப்பா, இது என்ன?" என்றான். சனசமூகம் என்றேன். "அப்ப அங்க பேப்பர் வாசிப்பினமோ?" என்று கேட்டான், ஊர்க்கதை கேட்டு வளர்ந்த பிள்ளை. அங்கே சீக்கியப் பெடியன் பந்தைக் கடத்த, சோமாலியப் பெடியன் வாங்கி அடிக்க, என் மகன் கோல் காத்தான். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிய வீதியில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பிதழ் அந்தத் தாள்.

எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்ட்டில் வேலை செய்தவர். டிசம்பர் மாதம் ஆட்டக்காரர் பரிசுப் பொதிகளோடு வருவார்கள், கமெரா முன்னால் வரும். ஆடை மினுங்கும் நடனக் குழுப் பெண்களும் சில வருடம் வருவார்கள். அப்டன் பார்க்கில் ஹாமரெட்ஸ் என்று கழக நிறத்தில் ஆடுவார்களே, அந்த மாதிரி. "கட்டிலில கிடக்கிற பிள்ளையைவிட லைட் பிடிக்கிறவனுக்குத்தான் அவசரம்" என்பார் மனைவி. ஒரு வருடம் மட்டும், எல்லாரும் போன பிறகு ஓர் ஆட்டக்காரர் படியேறித் தனியே திரும்பி வந்தாராம். முதல் சுற்றில் நித்திரையாக இருந்ததால் விட்டுப்போன பிள்ளையின் கால்மாட்டில் பொதியை வைத்தாராம். யார் என்று மனைவிக்குத் தெரியாது, உதைபந்தாட்டம் பார்க்கிற ஆள் இல்லை. "உயரமான பெடியன், செருப்பு மாதிரிச் சப்பாத்து" என்பதுதான் அவர் தந்த அடையாளம்.

படம் எடுப்பதற்கும் ஊருக்கு நிற்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை மேற்கு லண்டனில் பார்க்கலாம். குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸின் இளையோர் அணியில் ஆடிய கியான் பிரின்ஸ் என்ற பதினைந்து வயதுப் பிள்ளை, 2006 மே 18இல் தன் பள்ளிக்கு வெளியே கத்திக்குத்தில் இறந்தான். மைதானத்தின் பெயரைக் கழகங்கள் கோடிகளுக்கு விற்கிற காலத்தில், 2019இல் அந்தக் கழகம் தன் மைதானத்தின் பெயரைக் காசு வாங்காமல் கியான் பிரின்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. சில வருடத்தில் வேறு பெயர் வந்துவிட்டது, ஆனாலும் அந்தச் சில வருடம் முடிவு வாசித்த ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. அதே மைதானத்தில்தான், கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்த 2017இல், செப்டம்பர் 2ஆம் தேதி முன்னாள் ஆட்டக்காரரும் தீயணைப்பு வீரரும் தப்பிப் பிழைத்தவர்களும் சேர்ந்து நிதிக்காக ஆடினார்கள்.

2020 கொரோனாவில் வட்டம் முழுமையானது. டொட்டன்ஹாமின் புதிய மைதானத்தில், நோர்த் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் கர்ப்பிணிகளுக்கான சிகிச்சைப் பிரிவு இடம் மாறி வந்து நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கக் கேடயம் வைத்து ஆடிய நகரத்தில், நூற்றிருபத்திரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியே மைதானத்துக்குள் வந்து குடியேறியது.

வெஸ்ட் ஹாம் 2016 மே 10இல் போலினில் கடைசி ஆட்டம் ஆடி, மான்செஸ்டர் யுனைடெட்டை 3–2 வென்றுவிட்டு ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. இப்போது போலினில் அடுக்குமாடி வீடுகள். கசெட்டாரி கடைப் பக்கம் போனால் வேறு வாசனை வருகிறது. கேனிங் டவுன் ஸ்டேஷனில் மட்டும் ஒரு கொங்கிரீட் சுவரில் தேம்ஸ் இரும்பாலையைப் பற்றி எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் வாசிப்பதில்லை. ஹில்ஸ் கட்டிய மெமோரியல் மைதானம் வெஸ்ட் ஹாம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பொதுப் பூங்காவாக இன்னும் இருக்கிறது. ஆலை போய், கழகம் போய், புல் மட்டும் ஊருக்கு மிஞ்சியது.

கோடையில் எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் கிழக்கு லண்டன் பூங்காக்களில் ஆறு பேர் ஆட்டச் சுற்றுப்போட்டி வைக்கும். சந்தாக் காசு ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக்கோ கிணற்றுக்கோ போகும். போன வருடப் போட்டி முடிந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. சங்கச் செயலாளர் வயதில் என்னைவிடச் சிறியவர், பிறந்தது இங்கே. சோத்துப் பார்சல் பெட்டியை வானின் பின்னால் பூட்டிவிட்டுக் கையில் கறுப்புப் பைகளோடு நின்றார். வலை கழற்றாதவனுக்கும் குப்பை பொறுக்காதவனுக்கும் பார்சல் இல்லையாம். கிண்ணம் வென்ற அணியின் கப்டன் முதலில் சிரித்தான், பிறகு குனிந்தான். என் பேரன் ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் அவனுக்குக் காட்டினேன். இரண்டிலும் மண்.